நாற்பது நாள் மொச்சைக் கஞ்சி

வேதாசலத்தின் தாடையை உடைத்தது கஜபதி. தண்டனை கிடைத்தது கஜபதியின் பெண்டாட்டி தாயம்மாளுக்கு. திருத்தணி மலையடிவாரத்தில் அன்றைக்கு நியாயம் அப்படித்தான் நடந்தது.

கஜபதியின் மாடு பக்கத்துக் கொல்லை மொச்சையை மேய்ந்துவிட்டது. கொல்லைக்காரன் வேதாசலம் அதைப் பிடித்துப் பட்டியில் அடைத்தான். கஜபதி மூங்கில் தடியோடு போனான். ஒரே வீச்சு. இரண்டு பல் மண்ணில் விழுந்தன, வாய் ஒரு பக்கமாகத் தொங்கியது. புத்தூரிலிருந்து வந்த வைத்தியர் முட்டை வெள்ளைக்கரு தோய்த்த துணியால் தாடையை இறுக்கிக் கட்டினார். நாற்பது நாள் எதையும் மெல்லக் கூடாது, பலமான கஞ்சி உள்ளே போகாவிட்டால் ஆள் தங்கமாட்டான் என்றார்.

பஞ்சாயத்துப் பெரியவர் பங்காரு நாயுடு மலையைப் பார்த்துக் கற்பூரம் ஏற்றினார்.

"ஒடச்ச ஊடுதான் ஊத்தணும். அவன் மென்னு துன்ற வரைக்கும் கஜபதி ஊட்லேர்ந்து கஞ்சி போவணும். செத்தான்னா போலீசு, தூக்கு. பொழச்சான்னா பேச்சே இல்ல."

எல்லாரும் தலையாட்டினார்கள். காய்ச்சப்போவது கஜபதியா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

முதல் நாள் தாயம்மாள் பாலில் நொய் போட்டுக் காய்ச்சிக்கொண்டு போனாள். வாசனை பட்டதுமே வேதாசலம் சொம்பைப் பிடுங்கி அவள் முகத்தில் எறிந்தான். நெற்றி கிழிந்தது.

"அந்த மாட்டாலதானே அவுரு இப்டி கெடக்கறாரு? பாலு, தயிரு, மோரு எதுவும் இந்த வாசப்படி ஏறக்கூடாது" என்றாள் அவன் பெண்டாட்டி பூவம்மாள். பிறகு ரத்தத்தைப் பார்த்து மனம் கேட்காமல், மாடு தின்றது போக மிஞ்சிய மொச்சையில் ஒரு முறம் அள்ளிக் கொடுத்தாள். "இதுல காய்ச்சு."

யுத்த காலம். கன்ட்ரோல் அரிசியில் பாதி கல். பால் இல்லாமல் பலத்துக்கு எங்கே போவது? தாயம்மாள் மொச்சையை ஊறப்போட்டாள். விடிந்ததும் ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை எறிந்தாள். கஜபதி இத்தனை வருஷமாக அடித்த அடிகளை நினைத்துக்கொண்டு பிதுக்கினால் வேலை சீக்கிரம் முடிந்தது. பருப்பைக் குழைய வேகவைத்து, முருங்கைக்கீரையும் பூண்டும் போட்டு, கனமான புளியமரத்து மத்தால் கை கடுக்கக் கடைந்தாள். துணியில் வடிகட்டி மிளகும் சீரகமும் இடித்துப் போட்டாள். துளிப் பால் இல்லை, ஆனால் ஏடு கலந்த மாதிரி வழவழவென்று இருந்தது. வேதாசலம் அவளை எரித்துவிடுவது போல் முறைத்துக்கொண்டே, பல் போன சந்து வழியாக உறிஞ்சினான்.

வீட்டில் தினமும் அடிதான். "எவனுக்கோ கடஞ்சிகினு கெடக்கறியே, எனக்குக் களி எங்கடி?" என்று கஜபதி அவள் மயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். அவன் கழுத்தைக் காப்பாற்றத்தான் அவள் கடைகிறாள் என்பது அந்தத் தடியன் மண்டையில் ஏறவே இல்லை. பதினேழாம் நாள் சட்டியை எட்டி உதைத்தான். கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி அவள் காலில் கொட்டியது.

வெந்த காலோடு உட்கார்ந்தபோது ஒரு நினைப்பு வந்தது. இன்றோடு ஊற்றாமல் விட்டால் ஒருத்தன் பட்டினியில் போவான், இன்னொருத்தன் தூக்கில் போவான். வேதாசலம் என்ன பாவம் செய்தான்? மறுபடி மொச்சையை எடுத்துப் பிதுக்க ஆரம்பித்தாள். சாயங்காலம் அவள் நொண்டிக்கொண்டு போனபோது வேதாசலம் அந்தக் காலைப் பார்த்தான். அன்றைக்கு அவன் முறைக்கவில்லை.

நாற்பதாம் நாள் வைத்தியர் கட்டை அவிழ்த்தார். ஊரார் முன்னால் வேதாசலம் வறுத்த மொச்சையை வாயில் போட்டு, கடக் கடக்கென்று மென்று விழுங்கினான்.

"கஞ்சில எப்பவும் உப்பு கம்மி" என்றான். நாற்பது நாளில் அதுதான் முதல் பேச்சு. ஊரே சிரித்தது. தாயம்மாளும் சிரித்தாள், கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது.

கஜபதிக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அதே தடியை எடுத்தான்.

"நல்லா துன்றானா? இன்னொரு பக்கத்தயும் ஒடச்சிட்டு வரேன். நீ கடஞ்சிகினு ஒக்காரு."

இன்னொரு நாற்பது நாள்! தாயம்மாள் வாசலை மறித்து நின்றாள். தடி அவள் தோளில் இறங்கியது. அவன் மறுபடி ஓங்கினான். அவள் கைக்குக் கிடைத்தது மத்து. நாற்பது நாள் கடைந்து உரமேறிய கை. ஒரே வீச்சு. விறகு முறிகிற சத்தம் கேட்டது. கஜபதி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான், வாய் ஒரு பக்கமாகத் தொங்கியது.

நல்லவேளை, புத்தூர் வைத்தியர் இன்னும் ஊரைவிட்டுக் கிளம்பியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் பங்காரு நாயுடு நாலு பேரோடு வந்தார். கட்டுப் போட்ட தாடையோடு கஜபதி பாயில் கிடந்தான். தாயம்மாள் முறத்தை மடியில் வைத்து மொச்சை பிதுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இது, கட்டனவனயே..." என்று ஆரம்பித்தார்.

"ஒடச்ச ஊடு ஊத்தணும்னு நீங்கதானே சொன்னீங்க, நைனா? ஊத்தறேன்."

பாயில் கிடந்த கஜபதி முனகிக்கொண்டே பால் சொம்பைக் கையால் காட்டினான்.

"பாலு கெடையாது. மொச்சதான்" என்று சொல்லிவிட்டு அவள் மத்தைக் கையில் எடுத்தாள். கஜபதி இரண்டு கையாலும் தாடையைப் பொத்திக்கொண்டான்.

அவள் சட்டியை இழுத்து வைத்துக் கடைய ஆரம்பித்தாள்.