சிவப்புக் கொம்பு

அட்பாஷி சந்தையில் என் விரலுக்குப் பயப்படாத ஆட்டுக்காரன் கிடையாது. மூட்டையை அவிழ்ப்பார்கள். கையை உள்ளே விட்டு ஒரு கொத்தை இழுப்பேன், இரண்டு விரலுக்கு நடுவில் தேய்ப்பேன், தீர்ப்பைச் சொல்லிவிடுவேன். "இது வசந்தத்துல வெட்டினது, கயிறு திரிங்க." "இது தலையணைக்கு." "இது ஆடா, நாயா?" விரிப்புக்கு ஃபெல்ட் என்னும் நெய்யாமல் அழுத்தி இறுக்கும் கம்பளித் துணி செய்ய, கொழுப்புத் திரண்ட வாலுள்ள ஆட்டின் இலையுதிர்காலக் கம்பளிதான் வேண்டும். வெந்நீர் ஊற்றி உருட்டினால் இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், அப்புறம் காய்ச்சினாலும் அசையாது. என் வாய் கொஞ்சம் நீளம் என்பாள் அண்ணி குல்சூன். நீளம்தான். நாற்பத்திரண்டு வயதுவரை நான் தனியாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்படிப்பட்ட நான்தான் தெமிர்குலின் மூட்டைக்குள் கையை விட்டு, "அருமை" என்றேன்.

அண்ணி கையிலிருந்த தேநீர்க் கிண்ணம் சாய்ந்து பாவாடையெல்லாம் நனைந்தது. அந்த மூட்டையில் இருந்தது மெல்லிய கம்பளி, கழுத்துத் துண்டுக்கு ஆகும் சாதி. விரிப்புக்குப் போட்டால் பல்லிளிக்கும் என்று என் விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் தெமிர்குல் எதிரே நின்றுகொண்டிருந்தான். கணவாய்க்கு அப்பால் மந்தை வைத்திருப்பவன், மனைவியை இழந்து ஆறு வருடம் ஆனவன். கோடை முழுவதும் உப்பு வாங்கும் சாக்கில் எங்கள் வாசலில் ஜீப்பை நிறுத்தியவன். எங்கள் ஊரில் உப்புக் கடையே கிடையாது.

"என் ஆட்டுது" என்று தொப்பியைக் கையில் பிசைந்தபடி சொன்னான். எனக்கு அவன் ஆடு, அவன் தொப்பி, அவன் ஜீப்பின் புகை எல்லாமே பிடித்திருந்தது. சொல்ல வெட்கம் ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை அவன் அம்மா கனிஷாய் எனக்குக் காதணி போட வருவதாக ஏற்பாடு. காதில் ஏறிவிட்டால் நிச்சயம் முடிந்தது. ஏறாவிட்டால் இல்லை. அந்த அம்மாள் ஏற்கெனவே இரண்டு வீடுகளில் தேநீர் குடித்துவிட்டு, காதணியைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பியவர். ஒரு வீட்டில் ரொட்டி கருகியிருந்ததாம். இன்னொரு வீட்டில் உட்காரக் கடையில் வாங்கிய விரிப்பைப் போட்டார்களாம். அதைக் கேட்டதும் நான் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன், "அவங்க என் கையால செஞ்சதுலதான் உட்காரப்போறாங்க" என்று.

எங்கள் விரிப்பில் இரண்டு நிறம் இருக்கும். இரண்டு ஃபெல்ட்டுகளைத் தனித்தனியாகச் சாயம் காய்ச்சி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஆட்டுக்கொம்புக் கோலத்தை ஒரே கத்தியில் வெட்டுவோம். சிவப்பிலிருந்து வந்த கொம்பு நீலத்தில் போய் உட்காரும், நீலக் கொம்பு சிவப்பில். நான் என்ன யோசித்தேன் தெரியுமா? நீலத்துக்கு என் கம்பளி, சிவப்புக்கு அவன் கம்பளி. அவனுடையது என்னில், என்னுடையது அவனில். இரண்டும் ஒரே கம்பளியாக இருக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் கத்துகிறவள் நான்.

செவ்வாய்க்கிழமை நீலத்தைக் காய்ச்சி, நீர் தெளியும்வரை அலசிக் காயப்போட்டோம். பிறகு கொப்பரையில் சிவப்புச் சாயம் கரைத்து, காடி ஊற்றி, அவன் கம்பளியில் செய்த ஃபெல்ட்டை இறக்கினோம். கொதித்தது. அண்ணி கோலால் புரட்டினாள். புரட்டப் புரட்ட அவள் முகம் மாறியது.

"சைகல், நாம ஒண்ணுதானே போட்டோம்?"

"ஒண்ணுதான்."

"அது எங்க போச்சு?"

தூக்கிப் பார்த்தோம். ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அளவில் உள்ளே போனது, பூனை படுத்தால் வால் வெளியே தொங்கும் அளவில் வந்தது. அண்ணி அதைத் தலையில் வைத்துக்கொண்டு, "மாமியாரம்மா, வாங்க, ஒத்தைக் காலை மட்டும் இதுல வைங்க" என்று சாம்பலிலேயே உட்கார்ந்து சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. அழ ஆரம்பித்து நானும் சிரித்துவிட்டேன். பிறகு நிஜமாகவே அழுதேன், ஏனென்றால் எனக்கு அவன் வேண்டும்.

அன்று சாயங்காலம் தெமிர்குல் உப்பு வாங்க வந்தான். சிவப்புத் துண்டை அவன் முன்னால் போட்டேன்.

"உங்க ஆடு குளிச்சா எலி ஆயிடுமா?"

அவன் காதுவரை சிவந்தான். "அது என் ஆட்டுது இல்ல. பக்கத்துப் பள்ளத்தாக்குல என் மூட்டை ரெண்டைக் கொடுத்து இந்த ஒரு மூட்டையை வாங்கினேன்."

"எதுக்கு?"

"ரெண்டு வருஷம் முன்னாடி சந்தையில என் மூட்டையைப் பார்த்து நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா? 'இதைப் போர்த்திக்கிட்டா பேன்கூட வீட்டைக் காலி பண்ணிடும்'னு. எல்லாரும் சிரிச்சாங்க. மூட்டை யாருதுன்னு நீ நிமிர்ந்துகூடப் பாக்கல."

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் கொப்பரையைப் பார்த்தேன். இவனுக்காக நான் பொய் சொன்னேன், எனக்குப் பயந்து இவன் பொய் சொன்னான், நடுவில் ஒரு நல்ல ஃபெல்ட் எலியாகிவிட்டது.

"நாளைக்கு விடியறப்ப உங்க சொந்தக் கம்பளி இங்க இருக்கணும்" என்றேன். "பேன் ஓடுறதை."

கொண்டுவந்தான். முள்ளும் புழுக்கையும் ஒட்டிக்கொண்டு, கிடாவின் நாற்றத்தோடு. கையை விட்டேன், இழுத்தேன், தேய்த்தேன். கரடுமுரடு, ஆனால் அடியில் குட்டை இழைகள் அடர்த்தியாக இருந்தன. இலையுதிர்கால வெட்டு. இதைவிட நல்ல விரிப்புக் கம்பளி இந்த வருடம் என் விரலில் பட்டதில்லை.

"சொல்லு" என்றான், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"அருமை. இந்தத் தடவை நிஜமா."

அன்று நடந்தது வேலையா திருவிழாவா என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் கோலோடு வந்து கம்பளியை அடித்தார்கள். என் அண்ணனின் தும்மல் ஆற்றங்கரைவரை கேட்டது. நாணல் பாயில் பரப்பி, வெந்நீர் தெளித்து, சுருட்டிக் கட்டினோம். உருட்டக் கழுதை வேண்டும். கழுதை மலைமேல். தெமிர்குல் சுருளை ஜீப்புக்குப் பின்னால் கட்டினான். தெருவில் ஜீப் ஊர்ந்தது, சுருள் உருண்டது, நாங்கள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே உதைத்துக்கொண்டு ஓடினோம். திருப்பத்தில் அவன் கண்ணாடி வழியே என்னைப் பார்த்து, ஜீப்பை வைக்கோல் போரில் ஏற்றினான்.

"ரோட்டைப் பாரு மாப்ள!" என்று அண்ணி கத்தினாள். "அவ எங்கயும் ஓடிடமாட்டா!"

வியாழக்கிழமை சாயம் காய்ச்சினோம். அங்குலம்கூடச் சுருங்கவில்லை. ஆனால் மழை பிடித்துக்கொண்டது. அலச நேரமில்லை, காய வெயிலில்லை. வெள்ளிக்கிழமை காலையில் நீலத்தின்மேல் ஈரச் சிவப்பை வைத்து வெட்டினேன். சிவப்புக் கொம்பு நீலத்தில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. தைக்க ஊசியில் நூலைக் கோக்கும்போதே வாசலில் ஜீப் சத்தம்.

கனிஷாய் அம்மாள் உள்ளே வந்தார். வெள்ளைத் தலைத்துணி, பாலாடை நிறத்தில் புத்தம்புதுப் பாவாடை. முழங்கைவரை சிவந்திருந்த என் கைகளைப் பார்த்தார். ரொட்டியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு விரிப்பைப் பார்த்துக் குனிந்து, இரண்டு விரலால் ஓரத்தைக் கிள்ளித் தேய்த்தார். அப்படியே நான் தேய்ப்பதுபோல.

"யார் ஆட்டுக் கம்பளி?"

"உங்க ஆட்டுது, அத்தே."

"பார்த்துத் தேர்ந்தெடுத்தது யாரு?"

"நான்தான்."

"ம்" என்று சொல்லிவிட்டு, நான் தடுப்பதற்குள் உட்கார்ந்துவிட்டார், ஊறின சாயத்தின்மேல். அண்ணி என் தொடையில் கிள்ளினாள். வாயைத் திறந்தேன். அப்போது அவர் பையிலிருந்து வெள்ளிக் காதணிகளை எடுத்தார். வாயை மூடிக்கொண்டேன். நாற்பத்திரண்டு வருடத்தில் நான் சொல்ல வந்ததை விழுங்கியது அது ஒரே தடவைதான்.

அவர் கை மெதுவாக வேலை செய்தது. வலது காது. பிறகு கொக்கி சிக்கிக்கொண்டது. ஊதி, துடைத்து, மறுபடி. இடது காது. எல்லோரும் கைதட்டினார்கள். தெமிர்குல் அழுதுவிட்டான். அம்மாள் திருப்தியோடு எழுந்து மகன் பக்கம் திரும்பினார். பாவாடையின் பின்பக்கத்தில் இரண்டு சிவப்பு ஆட்டுக்கொம்புகள், விரிந்து, வளைந்து, ஒரு கோடு பிசகாமல்.

"அத்தே" என்றேன், "விரிப்பு ஈரம்."

அவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். பாவாடையை முன்பக்கம் இழுத்துப் பார்த்தார். ரொட்டி மென்றுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"துவைச்சா போகுமா?"

"போகாது. என் சாயம்."

"எனக்குக் கீழே ஈரம்னு முதல்லயே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அப்ப ஏன்டி சொல்லல?"

"அப்ப ஒரு காதுதான் ஆயிருந்துச்சு, அத்தே."