ஒற்றை வீட்டுச் சாலை

அந்த ஊருக்குக் கடன் எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. ஊரும் கடனும் கம்ப்யூட்டருக்குள்தான். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் கட்டி விளையாடிய ஊர். அவள் வேலைக்கென்று கடல் தாண்டிப் போனபின் ரோட்டுக்காரருக்குத் துணை என்று மிஞ்சியது அதுதான்.

தார் ஊற்றி, ஜல்லி கொட்டி, முதுகு விட்டுப்போன மனிதர். வேலை முடிந்து வந்து கைகால் கழுவியதும் அந்தப் பழைய திரைமுன் உட்கார்ந்துவிடுவார். குட்டிக் கார்கள் ஓடும். ஜன்னல்களில் விளக்கெரியும். யாரும் அவரை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆனாலும் ஆள் நடமாட்டம் என்று ஒன்று இருந்தது.

வருடம் முடிவதற்குள் கடன் அடையாவிட்டால் மேயர் பதவி போய்விடும், ஆட்டம் அத்தோடு முடிந்துவிடும் என்று திரை எச்சரித்தது. ஆட்டத்தின் கடிகாரத்தை நிறுத்திவிட்டு மகளுக்குப் போன் போட்டார்.

"ஊர் திவாலாகப் போகுதும்மா."

"எந்த ஊருப்பா? அடக் கடவுளே, அதையா! ஏன், மேயர் காசை அமுக்கிட்டாரா?"

"மேயருக்கு டீ குடிக்கவே வழியில்ல."

மகள் சிரித்தாள். "ஆத்தோரமா ஒரு வீடு தனியா நிக்கும் பாரு. அதுக்குப் போற ரோட்டைப் பராமரிக்கவே பாதிப் பணம் போயிடும். ரெண்டையும் இடிச்சுத் தள்ளு, கடன் தானா அடையும்."

"போட்ட ரோட்டை இடிக்கிறதா? நாங்க போட்டு முடிச்ச மறுநாளே கடப்பாரையோட வந்து நிப்பானே குழாய்க்காரன், அவன்னு நினைச்சியா என்னை?"

"அப்பா, அது வெறும் விளையாட்டு."

"விளையாட்டுன்னாலும் ஒத்தை வீட்டுக்கு யாராச்சும் இவ்வளவு நீளத்துக்கு ரோடு போடுவாங்களா?"



"அது உன் வீடுப்பா. நீ எப்பவும் எங்கேயோ ரோடு போட்டுக்கிட்டே இருப்பே. அதான் அவ்வளவு தூரத்துல வச்சேன். திரும்பி வர வழி வேணுமேன்னு ரோடும் போட்டேன்." பிறகு, "வேலைக்கு நேரமாச்சுப்பா, வைக்கிறேன்" என்றாள்.

நாலைந்து நாள் கடிகாரம் நின்றே கிடந்தது. நின்ற இடத்திலேயே நிற்கும் கார்களைப் பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை. கடைசியில், வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டை இடித்தார். பிறகு சாலையை, ஆற்றோரத்திலிருந்து துண்டு துண்டாகப் பெயர்த்துக்கொண்டே ஊருக்குள் வந்தார், வேலை முடிந்து சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு திரும்புகிறவர் மாதிரி. கடைத்தெருவுக்குப் பின்னால், நெருக்கியடித்து நின்ற வீடுகளுக்கு நடுவில், ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது. அதைக் குடியிருப்பு என்று குறித்துவிட்டுக் கடிகாரத்தை ஓடவிட்டார்.

ஆட்டத்தில் மாதங்கள் உருண்டன. கடன் இறங்கிக்கொண்டே வந்தது. காலிக் கட்டத்தில் ஒரு வீடு எழும்பி, விளக்கும் எரிந்தது. யார் குடிவந்தார்கள் என்று ஆட்டம் சொல்லவில்லை.

வருடக் கடைசியில் கடன் இருந்த இடத்தில் பூஜ்யம் விழுந்தது. மகளிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தார். அங்கே அவள் தூங்குகிற நேரம். வைத்துவிட்டார்.