எதிர்த்தரப்பு வாதம்

பந்தலுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் லாரி வந்து நின்றது. டேங்கரின் மேல் ராசப்பன் சாயப்பட்டறையின் பெயரைப் பார்த்ததும் சாரதாமணி வாசலுக்கு ஓடி அதன் முன்னால் நின்றுகொண்டாள்.

“மொதலாளி அனுப்புனாருங்க. வக்கீலய்யாவைக் குளிப்பாட்ட” என்றார் டிரைவர்.

“வேண்டாங்க. திருப்பிக் கொண்டு போங்க.”

உள்ளே கூடத்தில் அவள் அப்பா கன்னையனைக் கிடத்தியிருந்தார்கள். காலையில் பேப்பர் எடுக்கப் போனவர் வாசலிலேயே சரிந்துவிட்டார். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அப்பாவும் வக்கீல், அவளும் வக்கீல். சாயக்கழிவால் கிணறு கெட்டுப்போன நொய்யல் கரை விவசாயிகளுக்காக, நல்ல தண்ணீரும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்று அவள் வழக்குப் போட்டிருந்தாள். ராசப்பனுக்காக அதை எதிர்த்து வாதாட இருந்தவர் அப்பா. திங்கட்கிழமை சென்னை ஐகோர்ட்டில் விசாரணை.

முந்தாநாள் சாப்பிடும்போது பேச்சு அங்கேதான் போய் நின்றது.

“அரசியல் சட்டத்துல உயிர்னுதான் எழுதியிருக்குது கண்ணு. தண்ணின்னு எழுதலை. வேணும்னா பார்லிமென்ட்டுல சேத்தட்டும்.”

“தண்ணியில்லாம உயிர் எப்படீங்கப்பா இருக்கும்?”

“எழுதுனவிங்க நெனைக்காததை இன்னைக்கு ஒரு ஜட்ஜு சேத்துனா, அவிங்க நெனைச்சதை நாளைக்கு இன்னொருத்தரு எடுத்துப்போடுவாரு. எமர்ஜென்சியில ஜெயில்ல கெடந்தவன் நானு. எனக்குத் தெரியும்.”

“அன்னைக்கு உங்களை வெளிய உடாத ஜட்ஜுங்களும் சட்டத்துல இருக்கற எழுத்தைக் காட்டித்தானுங்கப்பா உடலை.”

அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். அதன்பிறகு இருவரும் பேசிக்கொள்ளவேயில்லை.

இப்போது கிணற்றிலிருந்து சேந்திய தண்ணீர் கூடத்துக்கு வெளியே அண்டாவில் ஊதா நிறமாக நின்றது. குழாயில் தண்ணீர் வந்து நாளாகிவிட்டது. சொந்தக்காரர்கள் அண்டாவையும் லாரியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

ராசப்பன் காரில் வந்து இறங்கினார். மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டு நேராக அவளிடம் வந்தார்.

“தண்ணி மேல என்னங்க அம்மிணி கோவம்? அவிநாசிப் பக்கத்து போர் தண்ணி. நல்ல தண்ணிங்க.”

“ஊருல இருக்கற எல்லாத்துக்கும் அங்கிருந்து கொண்டாந்து ஊத்துவீங்களா?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “அதை உடுங்க. திங்கக்கெழமைக்கு வாய்தா கேக்கறோம். நீங்க மறுக்கக் கூடாது. உங்கப்பன் அளவுக்குச் சொல்றதுக்கு ஆளில்லீங்க.”

“வாய்தான்னா எத்தனை மாசமுங்க? அதுவரைக்கும் ஆத்துல உட்டுக்கிட்டே இருப்பீங்க.”

ராசப்பன் முகம் சிவந்தது. “நேத்து என்ற ஆபீசுல வந்து அவரு என்ன சொன்னாரு தெரியுமுங்களா? ‘கேஸை நான் ஜெயிச்சுத் தர்றேன். சட்டத்துல தண்ணி இல்லீங்கறதுக்காக நீ பண்றது நாயமாயிராது ராசப்பா. நீயாக் கழிவைச் சுத்தம் பண்ணு. இல்லீன்னா எம் பொண்ணுகிட்ட ஒரு நாளைக்கு நான் தோத்துப்போயிருவேன்’னாரு. சொந்த வக்கீல் பேசற பேச்சுங்களா இது?”

சாரதாமணி கூடத்துப் பக்கம் திரும்பினாள். இங்கிருந்து அப்பாவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

தலைமாட்டில் இருந்த அம்மா பழனாயி எழுந்து வந்தாள். “பேச்சை நிறுத்துங்க. அவருக்கு நேரமாகுது.”

அப்பாவை வெளியே கொண்டுவந்து பலகையில் உட்காரவைத்தார்கள். அம்மா அண்டாவில் சொம்பை விட்டு மொண்டாள்.

“அக்கா, அதுல வேண்டாமுங்க!” ராசப்பன் பதறி முன்னால் வந்தார். “அது சாயத்தண்ணிங்க!”

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். “நாங்க தெனமும் இதுலதானுங்க குளிக்கறோம்.”

சொம்பைத் தலையில் கவிழ்த்தாள். அப்பாவின் நரைத்த தலையிலிருந்து மார்பு வழியாக ஊதா இறங்கியது. அடுத்த சொம்புக்குள் ராசப்பன் காரில் ஏறிவிட்டார். லாரியும் பின்னோக்கி நகர்ந்தது.

ஞாயிறு மாலை அவள் பெட்டியை எடுத்தபோது பெரியப்பா தடுத்தார். “காரியம் முடியறதுக்குள்ள கோர்ட்டா?”

“போகட்டுங்க. அவரா இருந்தாலும் போயிருப்பாரு” என்றாள் அம்மா.

திங்கட்கிழமை எதிர்த்தரப்பில் புது வக்கீல் எழுந்தார். வழக்கறிஞர் கன்னையன் காலமாகிவிட்டதாகவும், அவருடைய வாதத்தைத் தயார்செய்ய அவகாசம் வேண்டுமென்றும் கேட்டார். நீதிபதி வருத்தம் தெரிவித்துவிட்டு அவளைப் பார்த்தார்.

“அந்த வாதம் எனக்குத் தெரியும். அனுமதித்தால் நானே சொல்கிறேன். ஏதாவது விட்டுப்போனால் நண்பர் சேர்த்துக்கொள்ளட்டும்.”

நீதிபதி யோசித்தார். புது வக்கீல் தயங்கித் தலையசைத்து நகர்ந்து இடம்விட்டார். அவள் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

எதையும் குறைக்காமல் சொன்னாள். எழுதியவர்கள் எந்தப் பொருளில் எழுதினார்கள் என்பதை, திருத்துகிற அதிகாரம் மக்கள் அனுப்பியவர்களுடையது என்பதை, நீதிபதியின் நல்ல மனதை நம்பி ஒரு நாடு உட்கார்ந்திருக்க முடியாது என்பதை. சொல்லச் சொல்ல அதன் பலம் அவளுக்கே புரிந்தது. முடித்தபோது புது வக்கீல் சேர்க்க எதுவுமில்லை என்றார்.

“நல்லது. இனி உங்கள் பதில்” என்றார் நீதிபதி.

அவள் தலையசைத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வர அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.