ஏழாம் தளம்

மேசைக்கு அடியில் முழங்கால் போட்டு மெட்டில்டா வயரை உருவிக்கொண்டிருந்தாள். கீழே ஹாலில் ஃப்ரீசர் பெட்டி வந்து இறங்கியிருந்தது. அதன் வயர் சுவர்ப் பிளக்குக்கு எட்டவில்லை. "நீளமா ஒரு எக்ஸ்டென்ஷன் இருந்தா கொண்டாங்கம்மா, வெயில் ஏறுது" என்று பெட்டிக்காரர் சொன்னதும் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். மாடியில், தம்பியின் அறையில், இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் கம்ப்யூட்டருக்கும் பொத்தான்கள் நிறைந்த அந்தக் கறுப்புப் பெட்டிகளுக்கும் சேர்த்து ஒரே வயர்தான். அவள் பிடுங்கியதும் மேசை மேலிருந்த பச்சை, நீல விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. முந்தின நாள் காலையில் அவன் அணைக்காமல் வேலைக்குப் போயிருந்தான்.

தம்பி ரெமிஜியுஸுக்கு முப்பத்தொரு வயது. பத்து வயதில் மூட்டு வலியும் காய்ச்சலுமாக வந்த நோவு இதய வால்வில் போய் உட்கார்ந்துகொண்டது. வெயில் ஆகாது, ஓட்டம் ஆகாது என்பது கண்டெய்னர் யார்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் நேற்று மத்தியானம் ஆள் வரவில்லை என்று அவனையே வெளியில் நிறுத்தி, பெட்டிகளின் எண்களைச் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். சரிந்து விழுந்தவன் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நேரம் கிடந்தான், கண் திறக்கவே இல்லை. இன்றைக்குச் சாயங்காலம் அடக்கம்.

வயரைத் தோளில் சுற்றிக்கொண்டு அவள் இறங்கி வந்தாள். பெட்டி உறுமத் தொடங்கியது. தலைமாட்டில் அம்மா அந்தோணியம்மாள் இரண்டு கையாலும் கண்ணாடியைத் தடவித் தடவி அழுதுகொண்டிருந்தாள்.

"ஏளா மெட்டில்டா, இங்கன வா."

குசினி வாசலில் பவுல் சித்தப்பா நின்றார். அப்பா போன பிறகு வீட்டுக் காரியங்களுக்கெல்லாம் முன்னால் நிற்கிறவர். கோயில் கமிட்டியிலும் இருக்கிறார். கையில் செல்போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"மஸ்கட்லேருந்து நம்ம தெரு சேவியர் அனுப்பிருக்கான். ஊரு பூரா பாத்தாச்சு. என்னளா இது?"

ரெமியின் படம். கடலுக்கு முதுகு காட்டி, கண்ணை இடுக்கிக்கொண்டு சிரிக்கிறான். மேலே 'கொண்டல்' என்று பெரிய எழுத்து. 'ஏழாம் தளம், மூன்று புதிய பாட்டுகள், இன்று வெளியாகின்றன.' அதற்குக் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. இரவுகளுக்குத் தன்னைத் தின்னக் கொடுத்தவன். ஒரு நீண்ட இரவுக்குப் பின் நம் கொண்டல் அடங்கிவிட்டது. எழுதியவன் பெங்களூரு நிரஞ்சன். ரெமியின் பாட்டுகளை வெளியிடுகிறவன்.

கொண்டல் என்று, கடல் காற்றின் பெயரில் ஒருவன் இருக்கிறான் என்பது ஊரில் மெட்டில்டா ஒருத்திக்குத்தான் தெரியும். யார்டில் வேலை முடித்து வந்து மாடியில் உட்கார்ந்து அவன் செய்கிற பாட்டில் வார்த்தை கிடையாது, பாடகர் கிடையாது. மெஷினில் பிறந்து, நெஞ்சில் இடிக்கிற தாளம். பெங்களூரில் ஏதோ ஒரு கட்டடத்தின் நிலவறையில் நூறு பேர் அதற்கு ஆடுவார்கள். லிஸ்பனில் ஒருவன், பெர்லினில் ஒருத்தி, அடுத்தது எப்போது என்று கேட்டு எழுதுவார்கள். பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத உலகம் அது. அவனுக்கு அதுதான் பிடித்திருந்தது. இங்கேயிருந்தே சத்தங்களைப் பிடித்துச் சேர்ப்பான். ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்க்கிற மெட்டில்டாதான் அவனுக்கு ஒருமுறை துறைமுகத்தில் கப்பல் கட்டுகிற ஏழாம் தளத்துக்குப் பாஸ் வாங்கிக் கொடுத்தாள். நங்கூரச் சங்கிலி கடகடவென்று இறங்கும்போது அவன் கண்ணை மூடி நின்றான். வலிப்பு வருகிறதோ என்று காவலாளி ஓடி வந்தார். உப்பளத்தில் பெண்கள் உப்பு வாருகிற சத்தத்தை எடுக்கப் போனபோது முதலில் அவர்களிடம் கேட்டான். எடுத்து முடித்து ஹெட்போனை ஒவ்வொருத்தி காதிலும் மாட்டிப் போட்டுக் காட்டினான். வாயைப் பொத்திக்கொண்டு அவர்கள் சிரித்த சிரிப்பும் அந்தப் பாட்டில் வந்தது. அதையும் கேட்டுத்தான் சேர்த்தான்.

"நீண்ட இரவுன்னா என்னளா அர்த்தம்?" என்றார் சித்தப்பா. "டான்சு பாட்டு, பார்ட்டி, போதப் பொடின்னு டிவில காட்டுதானே. இவன் என்னமோ கம்ப்யூட்டர்ல படிக்கான்னுல்லா நெனச்சோம். ஃபாதர் காதுக்குப் போனா என்ன சொல்லுவாரு?"

மெட்டில்டாவுக்குக் காது மடல் சுட்டது.

"சித்தப்பா, சின்னதுல அவன மாசாமாசம் ஊசிக்குத் தோள்ல தூக்கிட்டுப் போனது யாரு? நீங்கதான?"

அவர் போனைத் தாழ்த்தினார்.

"அவனுக்கு என்ன நோவுன்னு ஒங்களுக்குமா தெரியாது?"

"எனக்குத் தெரியும்ளா. கேக்கவன் எல்லாருக்கும் யாரு பதில் சொல்ல?"

"நீங்கதான் சொல்லணும். ஒங்க வாயால சொன்னா கேப்பாவ. என்ட்ட வந்து போனைக் காட்டுதீய."

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஹாலில் பெட்டியைச் சுற்றி ஆள் கூடியிருந்தது. எல்லார் கண்ணிலும் ஒரு கேள்வி இருப்பதாக அவளுக்குப் பட்டது. பட்டது என்ன, இருந்தது. மூன்றாவது வீட்டு வெள்ளத்துரை பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஆஸ்பத்திரில ரத்தம் டெஸ்ட் எடுத்தாவளாம்மா?"

"எதுக்கு அண்ணாச்சி?"

"சும்மாதான் கேட்டேன். இந்தக் காலத்துப் பயலுவ..."

"காப்பி குடிச்சா நெஞ்சு படபடன்னு வருதுன்னு பாலக் குடிச்சிட்டுக் கெடந்தவன் அண்ணாச்சி அவன். ஒங்க மேலதான் பீடி நாத்தம் அடிக்கு. பெட்டிய விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளத்துரை செருப்பைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

பத்து மணிவாக்கில் நிரஞ்சன் வந்தான். ராத்திரி பஸ்ஸில் வந்த கசங்கல். காதில் வளையம், கழுத்து வரைக்கும் பச்சை குத்தல். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழுதுகொண்டிருந்தான். பெட்டிக்கு முன்னால் மடிந்து உட்கார்ந்து தோள் குலுங்க அழுதான். பொய் அழுகையில்லை என்பது மெட்டில்டாவுக்குத் தெரிந்தது. அதனால் கோபம் குறையவில்லை. அவன் எழுந்ததும் மாடிக்குக் கூப்பிட்டாள்.

"நேத்து நாந்தான ஒங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னேன், வெயில்ல விழுந்துட்டான், வால்வு கோளாறுன்னு. அதுக்குப் பொறவு எந்த இரவைக் கண்டுபிடிச்சு எழுதினீய?"

"அக்கா, நான் அந்த அர்த்தத்துல எழுதல. பஸ்ல அழுதுக்கிட்டே எழுதினது. கவிதை மாதிரி..."

"எந்தம்பி கவிதையாச் சாகல. கண்டெய்னருக்கு நடுவுல நாக்கு வறண்டு செத்தான். நீங்க எழுதின ரெண்டு வரிய வச்சு, அவன் ரத்தத்த டெஸ்ட் பண்ணியாச்சான்னு பெட்டிப் பக்கத்துல நின்னு கேக்கான் ஒருத்தன். எங்கம்மாக்குக் கேக்குத மாதிரி."

நிரஞ்சன் போனை எடுத்தான். "உடனே எடுத்துடுறேன். பாட்டையும் எடுக்கணுமா?"

அவள் பதில் சொல்வதற்குள் அவனே சொன்னான். "தேதி வச்சது நானில்லக்கா. ரெமிதான். இந்த வெள்ளிக்கிழமைதான் வரணும்னு அடம் பிடிச்சான். எங்கக்காவுக்கு அன்னைக்குப் பொறந்தநாள்னு."

மெட்டில்டா ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் பந்தல்காரர் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார். ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகிய நாற்காலிகள். இன்றைக்குத் தனக்குப் பிறந்தநாள் என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஜன்னலை விட்டுத் திரும்பி, "பாட்டு இருக்கட்டும்" என்றாள். "கீழ உள்ளத மட்டும் மாத்துங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க, எங்க ஊருக்காரனும் வாசிக்கட்டும்."

அவன் எழுதினான். கொண்டல் என்கிற ரெமிஜியுஸ் ஃபெர்னாண்டோ தூத்துக்குடியில் பிறந்தான். துறைமுக யார்டில் வேலை பார்த்தான். சிறு வயது முதல் இதய வால்வில் நோய் இருந்தது. வெயிலில் நிற்கக்கூடாதவனை நிற்க வைத்தார்கள். வேலையிடத்தில் விழுந்து இறந்தான். இந்த மூன்று பாட்டையும் அவனே செய்தான்.

"நிற்க வைத்தார்கள்னு போடணுமாக்கா? பிரச்சனை வராதா?"

"வரட்டும்."

மத்தியானம் தாண்டி, எடுக்கிற நேரம் நெருங்கியதும் அம்மாவின் அழுகை மாறியது. வார்த்தை வார்த்தையாக விழுந்த அழுகை ஒரு ராகத்தில் போய் நின்றது. "ஊசி கண்டு அழாத ராசா, ஒரு சொல்லுச் சொல்லாமப் போனியே... வலை இழுத்த வீட்டுல பொறந்து வாடாம வளந்தியே, எனக்கு மண்ணள்ளிப் போட இருந்த கைய மடக்கிக்கிட்டுப் படுத்தியே..." சுற்றி இருந்த பெண்கள் தோளோடு தோள் சாய்ந்துகொண்டார்கள். மெட்டில்டாவும் அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

அம்மாவின் தோளுக்கு மேலே பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. சுவரோரம் தலை குனிந்து நிற்கிற நிரஞ்சனின் சட்டைப்பையில், விரல் நீளத்துக்கு ஒரு கருவி. அதன் தலையில் பூனைமுடி மாதிரி பஞ்சு. ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி எரிந்தது. ரெமியிடமும் அதே மாதிரி ஒன்று உண்டு. சிவப்பு எரிந்தால் என்ன அர்த்தம் என்பது அவளுக்குத் தெரியும்.

எழுந்து போய் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். துணி துவைக்கிற கல்லுக்கு முன்னால் நிறுத்தினாள்.

"வெளிய எடும்வே அத."

"அக்கா..."

"எங்கம்மா அழுகைய எதுக்குவே எடுக்கீரு? நாளைக்கு ஒம்ம பெங்களூர் கட்டடத்துல அதுக்கு அடியில டம் டம்முன்னு தாளம் போட்டு நூறு பேரு ஆடணுமோ?"

"இல்லக்கா. அவனுக்கு ஒரு கடைசிப் பாட்டு... அம்மா குரல் வச்சு... நான் ஆத்மார்த்தமா..." அவன் கையால் சட்டைப்பையை மூடிக்கொண்டான். "எல்லா சத்தமும் பாட்டுதான்னு ரெமிதான் சொல்லுவான்."

"சொல்லுவான். ஆனா கேட்டுட்டு எடுப்பான். உப்பு வாருத பொம்பளட்டக்கூடக் கேட்டுட்டு எடுத்தான். நீரு யார்ட்ட கேட்டீரு? எங்கம்மாட்டயா? என்ட்டயா? பெட்டில கெடக்கானே, அவன்ட்டயா?"

அவள் குரல் உடைந்தது. உடைந்ததற்கும் சேர்த்து அவன் மேல் ஆத்திரம் வந்தது. நிரஞ்சன் கருவியை எடுத்து, அவள் பார்க்கும்படி பிடித்து, பதிந்ததை அழித்தான். அழிக்கவா என்று அது ஒருமுறை கேட்டது. அவன் அழுத்தினான். திரை வெறுமையானது.

"வேற எங்கயும் இருக்கா?"

"இல்லக்கா. அம்மா மேல சத்தியமா."

"யாரு அம்மா மேல?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

கோயில் மணி ஒற்றை ஒற்றையாக அடித்தது. பெட்டியைத் தூக்க ஆள் குறையவில்லை. யார்டிலிருந்து நாற்பது பேர் வந்திருந்தார்கள், சூப்பர்வைசர் வரவில்லை. கல்லறையில் ஃபாதர் ஜெபம் முடித்ததும், வெள்ளத்துரை யாரிடமோ குனிந்து ஏதோ சொல்வதை மெட்டில்டா பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பவுல் சித்தப்பாவின் குரல் எழுந்தது. எல்லாருக்கும் கேட்கிற குரல்.

"பத்து வயசுலருந்து வால்வு. இந்தத் தோள்லதான் தூக்கிட்டுப் போனேன். சும்மா வாய்க்கு வந்ததப் பேசாதீய."

மண் விழத் தொடங்கியது.

திரும்பி வந்து குளித்து முடித்தபோது வீடு பாதி காலியாகியிருந்தது. அடுத்த வீட்டு ஜெயபாய் ஒரு தூக்குவாளி நிறையக் கஞ்சியும் தேங்காய்த் துவையலும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நிரஞ்சன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றான். அம்மா அவனை விடவில்லை.

"எம்புள்ளகூட வேல பாக்குத பிள்ளயாய்யா நீ? ஒரு வாய் குடிச்சிட்டுப் போ."

அவன் மெட்டில்டாவைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்தாள். அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அம்மா கஞ்சியை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். தனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டாள், ஆனால் தொடவில்லை.

"பாட்டு செஞ்சான்னு இவ சொல்லுதா. நல்லாருக்குமாய்யா?"

"நல்லா இருக்கும்மா. ரொம்ப."

"வார்த்தையே இருக்காதாமே."

"இருக்காதும்மா."

அம்மா தன் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினாள். பிறகு தூக்குவாளியின் மூடியைத் தன் பக்கம் இழுத்து, ஒரு விரலால் தட்டினாள். மெதுவாக ஆரம்பித்தது. இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, மூன்று தட்டு. பிறகு சீராக, தப்பாமல். நிரஞ்சன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டான். காலையில் வெளியான முதல் பாட்டு அது. வெளியாவதற்கு முன் மாதக்கணக்காக மாடித் தளத்தின் வழியே இறங்கி அம்மாவின் காதில் விழுந்த தாளம்.

"இதுதான?" என்று கேட்டாள் அம்மா.

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

வாசலில் நின்ற இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பவுல் சித்தப்பா அவசரமாக உள்ளே வந்தார். "மதினி, என்ன செய்தீய? சாவு வீட்டுல தாளம் போடுதீயளே, ஆளுவ பாக்காவ."

மெட்டில்டா எழுந்து அவருக்கும் அம்மாவுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தாள்.

"பாக்கட்டும் சித்தப்பா."

அம்மாவின் விரல் நிற்கவில்லை. அவளுடைய கஞ்சியின் மேல் ஏடு படிந்துகொண்டிருந்தது.