தோலுக்குச் சின்ன ஓட்டை

ஓர்வல் டீட்ஸ் பக்கத்துப் பண்ணைக்காரி வில்மா ஹாஸ்கெட்டுக்குத் தர வேண்டியது எண்ணூற்று அறுபது டாலர். குளிர்காலம் முழுக்க அவனுடைய ஆடுகள் தின்று தீர்த்த வைக்கோலின் விலை. குட்டி போடும் பருவம் முடிவதற்குள் கட்டாவிட்டால் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

வேலி போட்டுப் பிழைக்கிறவன் கையில் ஏது அவ்வளவு பணம்? அவன் கண்ணில் பட்டது கயோட்டிதான். நரியைவிடப் பெரிது, ஓநாயைவிடச் சிறிது, ஆட்டுக்காரன் எவனும் திட்டாமல் அதன் பெயரைச் சொல்லமாட்டான். குளிரில் வளர்ந்த மயிர் உதிர்வதற்கு முன்னால் சுட்டால் தோல் நல்ல விலைக்குப் போகும்.

துப்பாக்கிக் கடைக்காரன் க்ளீட்டஸ் மேசைமேல் இரண்டு ரைஃபிளை வைத்தான். குண்டின் பருமனைக் குறிக்கும் எண்தான் இரண்டுக்கும் பெயர்.

"டேய், நான் சொல்றதக் கேளு. இந்த இருநூத்தி நாப்பத்திமூணை எடு. குண்டு கனம், காத்துக்கு அலையாது. எங்க பட்டாலும் விழுந்துரும்."

"விழும். அந்தப் பக்கம் என் முஷ்டி நுழையற ஓட்டையும் விழும். அந்தத் தோலை எவன் வாங்குவான், நீயா?"

"அப்ப இந்தப் பதினேழு. ஊசி மாதிரி உள்ள போவும், உள்ளயே தூளாயிரும், வெளிய வராது. ஆனா எலும்புல பட்டா மேலயே வெடிச்சுத் தொலைக்கும். காத்தடிக்கற ஊர்ல இது பொம்மைடா."

"ஓட்டை சின்னதா இருக்குமா, அத மட்டும் சொல்லு."

"கொசு கடிச்ச மாதிரி இருக்கும். கயோட்டிக்கும் அப்படித்தான் இருக்கும், பாத்துக்க."

ஓர்வல் தன் குதிரைச் சேணத்தைக் கொடுத்துவிட்டுப் பதினேழை எடுத்துக்கொண்டு போனான்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அடிபட்ட முயல் கத்துவதுபோல ஊதலை ஊதுவான். கயோட்டி பசியில் வரும். விலாவில் சுடுவான். மடங்கி விழும். தோலைத் திருப்பிப் பார்த்தால் ஓட்டையைத் தேட வேண்டும்.

பிறகு காற்றடித்த ஒரு நாள் பெரிய ஆண் ஒன்று வந்தது. விலாவுக்குக் குறிவைத்த குண்டைக் காற்று தள்ளித் தோள் எலும்பில் கொண்டு போட்டது. சதை பிய்ந்து தொங்கியது. கயோட்டி தன் தோளையே கடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றியது, அலறியது, ஓடியது. பனியில் சொட்டியிருந்த ரத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனான் ஓர்வல். ஓடைக்கரையில் தடம் அறுந்துபோனது. எங்காவது விழுந்து செத்திருக்கும் என்று திரும்பிவிட்டான்.

சாகவில்லை.

வில்மாவின் பட்டியில் ஆட்டுக்குட்டிகள் செத்து விழத் தொடங்கின. தொண்டை கிழிந்து, வயிறு பிளந்து, ஈரல் மட்டும் காணாமல் கிடந்தன. ஒரு தாயாடு ஈன்றுகொண்டிருந்தபோதே, பாதி வெளியே வந்த குட்டியின் தலையைக் கயோட்டி தின்றிருந்தது. ஆடு இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வில்மாதான் கத்தி போட்டாள்.

கையைக்கூடத் துடைக்காமல் ஓர்வலைக் கூப்பிட்டனுப்பிச் சேற்றைக் காட்டினாள். மூன்று பாதம். நாலாவது இழுபட்ட கோடு.

"மூணு கால்ல முயலத் துரத்த முடியுமா, ஓர்வல்?"

அவன் தொப்பியைக் கழற்றினான். "முடியாதுங்கம்மா."

"துரத்த முடியாதது எங்க வரும்? என் வீட்டுக்கு வரும். தோலுக்கு நோகாமச் சுட்டியாமே, ஊரே சிரிக்குது." உள்ளே போய்ச் செத்த புருஷனின் ரைஃபிளை எடுத்து வந்து அவன் நெஞ்சில் தள்ளினாள். "இருநூத்தி நாப்பத்திமூணு. விடியறப்ப என் பட்டில நிக்கற. அது செத்தாத்தான் உன் ஆடு உனக்கு."

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கயோட்டி வேலிக்கடியில் பள்ளம் பறித்துக்கொண்டு உள்ளே வந்தது. ஆடுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கிக்கொண்டன. ஒரு குட்டியின் கழுத்தைக் கவ்வி உதறியது. ஓர்வல் குறிவைத்தான். தப்பவே முடியாத தூரம். ஆனால் அதற்குப் பின்னால் முழுக்கச் சினையாடுகளின் வயிறு. இந்தக் குண்டு கயோட்டியைத் துளைத்துக்கொண்டு போய் ஆட்டுக்குள்ளும் இறங்கும். உள்ளேயே நின்றுவிடும் குண்டு போட்ட துப்பாக்கி அவன் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

குட்டியின் சத்தம் நின்றது. கயோட்டி அடுத்ததைப் பார்த்துத் திரும்பியது.

ஓர்வல் தோட்டாவை உருவி எறிந்தான். குழலைப் பிடித்து, துப்பாக்கியின் மர அடிக்கட்டையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான். முதல் அடி இடுப்பில் விழுந்தது. அது எம்பி அவன் இடது கையைக் கவ்வியது. விரலெலும்பு நொறுங்கும் சத்தம் அவனுக்கே கேட்டது. கையை விடுவிக்கப் பார்க்காமல் தொண்டைக்குள் இன்னும் திணித்தான். மற்றக் கையால் மண்டையில் இறக்கினான். மறுபடி இறக்கினான். கட்டை இரண்டாகப் பிளந்தது. சீழ் நாறிய அந்தத் தோள்மேல் முழங்காலை ஊன்றி, துடிப்பு அடங்கும்வரை அழுத்திக்கொண்டே இருந்தான்.

வில்மா ஓடிவந்தாள். முதலில் ஆடுகளைப் பார்த்தாள். பிறகு உடைந்த ரைஃபிளை. கடைசியாகத்தான் அவனை.

"ஏன் சுடல?"

"பின்னால ஆடு நின்னுச்சுங்கம்மா."

அவள் கழுத்துத் துணியை அவிழ்த்து அவன் கையை இறுக்கிக் கட்டினாள். அவன் பல்லைக் கடித்தான்.

"கத்தறதுன்னா கத்து. இங்க யாரும் தோல் வாங்க வரல." முடிச்சைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "வைக்கோல் கணக்கு முடிஞ்சுது."

"செத்த குட்டிங்க?"

"அதுக்கு அந்தப் பதினேழக் கொண்டாந்து குடுத்துரு. பட்டிக்குள்ள சுட அதுதான் சரி."

அன்று மதியமே ஓர்வல் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தான், வலது கையால். இடது கையில் இரண்டு விரல் அதன்பிறகு மடங்கவேயில்லை.