ஏழாவது கட்டுரை

பேச்சுச் சுதந்திரத்தைப் பற்றிய புத்தகத்திலிருந்து ஒரு கட்டுரையைத் தூக்கிவிடுவது என்று சிட்னி ஹோம்புஷ் தமிழ் வாசகர் வட்டம் ஏகமனதாகத் தீர்மானித்தது. ஏகமனதாக என்றால் ஏகமனதாகத்தான். குழுவில் ஐந்து பேர், ஐந்து பேரும் கை தூக்கினார்கள். அந்தக் கட்டுரையை அவர்களில் ஒருத்தரும் வாசித்திருக்கவில்லை என்பது வேறு விஷயம். வாசித்துவிட்டுத்தான் கை தூக்க வேண்டும் என்று வட்டத்தின் யாப்பு விதிகளில் எங்கேயாவது இருக்கிறதா, என்ன?

புத்தகத்தை மொழிபெயர்த்த வைதேகி எதிர்க் கதிரையில் இருந்து அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லிட்கமில் ரத்தப் பரிசோதனை நிலையமொன்றில் பகல் முழுக்க ஊராரின் நரம்பைத் தேடி ஊசி குத்துகிறவள். வீட்டுக்கு வந்தபிறகு, ஆறு வருஷமாக, இங்கிலாந்துக்காரர் ஒருவரின் கட்டுரைகளைத் தமிழாக்கினாள். அந்த மனுஷன் நாவலும் எழுதினார், அரசியல் கட்டுரையும் எழுதினார். அரசாங்கம், கட்சி, பத்திரிகை, பாதிரி என்று ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை. பேரைப் பிழையாக உச்சரிக்கப் பயந்து குழுவில் எல்லாரும் அவரை ‘எங்கட ஆசிரியர்’ என்றே சொன்னார்கள்.

“தங்கச்சி, எங்கட ஆசிரியரை நான் குறை சொல்லேல்லை,” என்றார் தலைவர் சிறிதரன். இளைப்பாறிய எஞ்சினியர், ஒலிவாங்கி இல்லாமலே மண்டபம் அதிரப் பேசக்கூடியவர். “ஆனா இந்த ஏழாவது கட்டுரையில தன்ர சொந்தப் பக்கத்தின்ர பிழையள எழுதியிருக்கிறாராம். இப்ப இருக்கிற நிலைமையில இது தேவையோ?”

“நீங்கள் வாசிச்சனீங்களோ, அண்ணை?”

“எல்லாத்தையும் வாசிச்சே அறியவேணும்? தலைப்பே சொல்லுதே.”

தலைப்பு ‘எங்கள் பக்கத்துப் பொய்’. ஆசிரியர் இளவயதில் ஒரு கட்சிக் கிளையில் இருந்தாராம். கூட இருந்த ஒருவனைப் பொலிசின் உளவாளி என்று தோழர்களே கதை கட்டி விட்டார்கள். அந்த அறிவித்தலைத் தன் கையால் எழுதியவர் இவர்தான். அவன் ஆற்றில் விழுந்து செத்தான். உளவாளி இல்லை என்பது பிறகு தெரியவந்தது. எதிரியின் பொய்யைப் பற்றிப் பத்துப் புத்தகம் எழுதியதாகவும், தங்கள் பக்கத்துப் பொய்யைப் பற்றி ஒரு பக்கம் எழுத இருபது வருஷம் பிடித்ததாகவும் முடித்திருப்பார். வைதேகி அந்தப் புத்தகத்தைக் கையிலெடுத்ததே அந்த ஒரு கட்டுரைக்காகத்தான். மற்றப் பதினொன்றும் அதற்குக் காவலாக வந்தவை.

“இன்னொண்டும் இருக்கு,” என்று குரலைத் தாழ்த்தினார் சிறிதரன். “உம்மட அண்ணா நரேனை ஆமி கொண்டுபோச்சுது. அப்பிடிப்பட்ட பிள்ளையின்ர தங்கச்சி எங்கட பக்கத்தையே குறை சொல்லுற கட்டுரையைப் போடலாமே? அவரின்ர நினைவுக்கு இழுக்கெல்லோ. நாங்கள் ஒண்டு யோசிச்சிருக்கிறம். புத்தகத்தை நரேனுக்கே சமர்ப்பணம் செய்வம்.”

பக்கத்தில் இருந்தவர் விக்னராஜா மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் நரேனுக்குக் கணக்குப் படிப்பித்தவர் அவர். கோப்பையில் ஆறிப்போன தேத்தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி அண்ணை,” என்றாள் வைதேகி. “எடுத்துவிடுங்கோ.”

இவ்வளவு லேசாக முடியும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. சந்தோஷத்தில் ஆளுக்கு இன்னொரு ரோல்ஸ் எடுத்துக் கடித்தார்கள்.

நரேனை இலங்கை ஆமி கொண்டுபோகவில்லை. அதுதான் விஷயம். எண்பத்தாறில் ஒரு மத்தியானம், சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்தவனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனவர்கள் எங்கள் பெடியள், இயக்கத்துப் பிள்ளைகள். தமிழ் இயக்கங்கள் ஒன்றையொன்று சுடக்கூடாது என்று பல்கலைக்கழகச் சுவரில் அவன் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். ‘விசாரிச்சுப்போட்டு விடுறம், அம்மா’ என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். அம்மா பிசைந்து வைத்த சோறு அப்படியே காய்ந்தது.

ஐந்து வருஷம் கழித்து குடும்பம் சிட்னிக்கு வந்து அகதி விண்ணப்பம் போட்டது. அப்பாவுக்கு இங்கிலீஷ் ஓடாது. அப்பா தமிழில் சொல்லச் சொல்ல, இருபத்திரண்டு வயது வைதேகி இங்கிலீஷில் எழுதினாள். ‘எங்கட பெடியள் வந்து கூட்டிக்கொண்டு போனவங்கள்’ என்றார் அப்பா. வைதேகியின் பேனை நின்றது. தமிழனைத் தமிழன் கொண்டுபோனான் என்றால் வெள்ளைக்காரனுக்கு விளங்குமா? விளங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால்? ஆமி என்று எழுதினாள். அப்பா அதன் கீழே நிதானமாகக் கையெழுத்து வைத்தார்.

அவளுடைய முதல் மொழிபெயர்ப்பு அதுதான்.

விசா கிடைத்தது. அன்றே அப்பாவிடம் அழுதுகொண்டு உண்மையைச் சொன்னாள். “அப்ப இனி அப்பிடித்தான்,” என்றார் அவர். செத்துப்போகும் வரைக்கும் கேட்டவர்களுக்கெல்லாம் ஆமி என்றே சொன்னார். தமிழ்ச் சங்கத்தின் நினைவு நாளில் நரேனின் படமும் மேடை ஏறியது, ‘இராணுவத்தால் கொல்லப்பட்டவர்’ என்ற அடிக்குறிப்போடு. அவனைக் கொண்டுபோனவர்களை வாழ்த்தி அதே மேடையில் பாட்டும் படித்தார்கள். வருஷா வருஷம் வைதேகி முன்வரிசையில் பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு இருந்து, அந்தப் பாட்டுக்குக் கை தட்டினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று எந்த மடையன் சொன்னான்? முப்பத்துமூன்று வருஷம் மறைத்துக் காட்டினாளே.

ஆனால் வயது ஐம்பத்தைந்தாகிவிட்டது. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. இவளும் கண்ணை மூடினால் நரேனை யார் கொண்டுபோனது என்று சொல்ல ஓர் உயிர் மிஞ்சாது. சொன்னால் குடியுரிமையைப் பறித்துவிடுவார்களோ, கடையில் சனம் முகத்தைத் திருப்புமோ என்று பயமும் இருந்தது. வெள்ளைக்காரரின் வாயால் சொல்லிவிட்டுத் தப்பலாம் என்றுதான் ஏழாவது கட்டுரையை நம்பியிருந்தாள். அந்த வாயையும் ஐந்து கைகள் பொத்திவிட்டன.

புத்தகத்தை வடிவமைத்தவள் லக்ஷ்மிப்ரியா, மதுரைப் பெண், ஐ.டி. வேலைக்காரி. வைதேகியைத் தவிர பன்னிரண்டு கட்டுரைகளையும் முழுதாக வாசித்த ஒரே ஆள் அவள்தான். வைதேகி அவளுக்குப் போன் பண்ணினாள்.

“சமர்ப்பணப் பக்கத்தை மாத்தவேணும், பிள்ளை. நான் புதுசா அனுப்புறன்.”

வந்ததை வாசித்துவிட்டு லக்ஷ்மிப்ரியா திரும்ப அழைத்தாள். “அக்கா, இது நிஜமா?”

“ஓம்.”

“சிறிதரன் சாருக்குத் தெரியுமா?”

“அவருக்கும் அனுப்பு. அவர் பாக்காமல் அச்சுக்குப் போகக்கூடாது.”

அனுப்பினாள். சிறிதரன் பார்த்தார். தன் அணிந்துரை இருக்கிறதா, தன் படம் இருக்கிறதா என்று பார்த்தார். இரண்டும் இருந்தன. ‘மிகச் சிறப்பு, அச்சுக்கு அனுப்பவும்’ என்று பதில் போட்டார்.

வெளியீட்டு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹோம்புஷ் மண்டபத்தில் நடந்தது. விளக்கேற்றினார்கள், அகவணக்கம் செலுத்தினார்கள், வாழ்த்துரைகள் வழங்கினார்கள். வாழ்த்தியவர்கள் எங்கட ஆசிரியரின் துணிச்சலை மெச்சினார்கள். உண்மையைச் சொல்ல அஞ்சாத நெஞ்சம் என்றார்கள். பின்னால் கொத்துரொட்டி வாசம் வரத் தொடங்கியதும் நேரம் போதாது என்று ஏற்புரையை வெட்டினார்கள். ஏற்புரை என்பது புத்தகம் எழுதியவர் பேசுவது. வெட்டுவதற்கு வசதியாகத்தான் அதைக் கடைசியில் வைப்பார்கள்.

முதற்பிரதியை வழங்கமுன் சிறிதரன் ஒலிவாங்கியைப் பிடித்தார். “இந்த நூலை யாருக்குச் சமர்ப்பித்திருக்கிறோம் தெரியுமா? வாசிக்கிறேன், கேளுங்கள்!” நாடாவை அவிழ்த்து, பக்கத்தைப் புரட்டி, குரலை ஏற்றி இறக்கி மேடைத்தமிழில் முழங்கினார்.

“என் அண்ணன் நரேனுக்கு! உன்னை வீட்டிலிருந்து கொண்டுபோனது இராணுவம் அல்ல! எங்கள் பக்கத்துப் பிள்ளைகளே உன்னைக் கொண்டுபோனார்கள்! கொன்றார்கள்!”

கடைசிச் சொல்லுக்குக் கையைக்கூட உயர்த்தினார் மனுஷன். உயர்த்திய கை இறங்கவில்லை. வாயிலிருந்து போனது காதுக்கு வந்து சேர அவ்வளவு நேரம் பிடித்தது.

பிறகு எங்கேயோ ஒருவர் கை தட்டினார். சிறிதரன் குரலை நிறுத்தினால் தட்டுவதுதானே வழமை. பக்கத்தவரும் தட்டினார். கொஞ்ச நேரத்தில் மண்டபம் முழுக்கத் தட்டியது. சிறிதரன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “எல்லாரும் சாப்பிட வாருங்கோ,” என்றார்.

வைதேகி தன் கதிரையிலேயே இருந்தாள். யாராவது வந்து திட்டுவார்கள், காறித் துப்புவார்கள் என்று காத்திருந்தாள். ஒருத்தரும் வரவில்லை. விக்னராஜா மாஸ்டர் மட்டும் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார்.

“பயப்பிடாதையும், பிள்ளை. எங்களுக்குத் தெரியும்.”

“என்ன தெரியும், மாஸ்டர்?”

“நரேன்ர விஷயம். ஊர்ச் சனத்துக்கு அண்டைக்குப் பின்னேரமே தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி இருக்கே?”

“சிறி அண்ணைக்கு?”

“அவருக்கும்தான்.”

வைதேகிக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். “அப்ப ஏன் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை? அந்த மேடையில என்னைக் கொண்டுவந்து இருத்தி வச்சு…”

“உம்மட கொப்பரே ஆமி எண்டு சொன்னாப்பிறகு நாங்கள் எப்பிடி மறுத்துக் கதைக்கிறது? மரியாதை இல்லையெல்லோ. உங்கட மனம் நோகக்கூடாது எண்டுதான்.” அவள் கையில் தட்டினார், அன்பாகத்தான் தட்டினார். “இப்ப சொல்லிப்போட்டீர். பாரம் இறங்கிட்டுது. இனி இதைப் பற்றி ஒருத்தரும் உம்மோட ஒரு சொல்லும் கதைக்கமாட்டம். நீர் போய்ச் சாப்பிடும்.”

சனம் தட்டோடு வரிசையில் நின்றது. கண்ணில் பட்டவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு, இரக்கமான சிரிப்பு. போன கிழமையும் அப்படித்தான் சிரித்தார்கள். இன்னும் முப்பது வருஷத்துக்கும் அப்படியே சிரிப்பார்கள் என்று அவளுக்கு விளங்கியது.

வைதேகி எழுந்தாள். வரிசைக்குப் போகவில்லை, மேடைக்குப் போனாள். ஒலிவாங்கியை இன்னும் நிறுத்தியிருக்கவில்லை.

“ஏற்புரை மிச்சம் இருக்கு,” என்றாள். கரண்டிச் சத்தம் நின்றது. “என்ர அப்பா பொய் சொல்லேல்லை. எங்கட பெடியள் எண்டுதான் அவர் சொன்னவர். ஆமி எண்டு எழுதினது நான்.”

வாசல் பக்கம் சிறிதரன் ஒலிவாங்கியை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். ஒலிக்கருவியடியில் நின்ற லக்ஷ்மிப்ரியா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்தாள்.