நோபிளுக்கு இரண்டு டிகிரி

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அப்படித்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு எனக்கு ஆத்திரத்தை வரவழைத்தது யார் என்பதையும் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

மலேசியாவில், தெலுக் பங்லிமா காராங் ஊரில் யோகநாதனின் சரக்கு யார்டில் பதினோரு வருடமாக நான்தான் சூப்பர்வைசர். நவம்பர் கடைசியில் அமெரிக்காவிலிருந்து குளிர்க் கொன்டேனரில் கிறிஸ்துமஸ் மரங்கள் வந்திறங்கும். பிளாஸ்டிக் இல்லை, வெட்டிய நிஜ மரம். ஒவ்வொன்றையும் வலையில் இறுக்கி, விறகுக்கட்டு மாதிரி அடுக்கி அனுப்புவார்கள். வாங்க வருகிறவர்கள் எல்லாவற்றையும் பைன் என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பைனுக்கு ஊசி இலை கொத்துக் கொத்தாக இருக்கும். ஸ்ப்ரூஸ் ஊசியைத் தொட்டால் குத்தும், அதன் பலகையில்தான் நல்ல கிட்டார் செய்வார்கள். ஃபிர் ஊசி தட்டையாக, மெத்தென்று இருக்கும். ஃபிர்களில் நோபிள்தான் உசத்தி, ஒரு மாதம் வைத்தாலும் ஊசி கொட்டாது. டக்ளஸ் ஃபிர் என்று ஒன்று உண்டு. பெயரில்தான் ஃபிர், இனம் வேறு. ஃபிர் காய் கிளையில் நிமிர்ந்து உட்காரும், டக்ளஸ் காய் தொங்கும். இதெல்லாம் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் கொன்டேனரில் மூன்றில் ஒரு பங்கு இறக்கியிருந்தோம். எல்லாமே டக்ளஸ். பாஸ் யோகநாதன் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஹோட்டல்காரன் நாப்பது நோபிள் கேட்ருக்கான். ஒன்னுகூட வரல. ஆர்டர்ல என்னா எழுதித் தொலைச்ச?"

"நோபிள்தான் எழுதினேன் பாஸ். உள்ள கடைசியில இருக்கும்."

"இருக்கும், இருக்கும்! பதினோரு வருஷமா வாய மட்டும்தான் வளத்து வச்சிருக்க."

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கன்னையா அண்ணன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மானம் போயிற்று.

"நாளையிலேர்ந்து வேற ஆள பாத்துக்குங்க லா! நான் போறேன்!"

கேட்டைப் பார்த்து நடந்தேன். இப்படிச் சொல்லிவிட்டு நான் போவது நாலாவது தடவை. போனால் போனையும் அடைத்து வைத்துவிடுவேன், இரண்டு நாள் கழித்துத்தான் வருவேன். அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கேட் வரைக்கும் போனதும் மனசு கேட்கவில்லை. ஒரு நோபிள் மரத்தை இழுத்து வந்து அந்த மனுஷன் காலடியில் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று தோன்றியது. ஆபீஸுக்குப் பின்பக்கமாகச் சுற்றி வந்தேன். எல்லாரும் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார்கள். திறந்து கிடந்த கொன்டேனருக்குள் ஏறி, மரக்கட்டுகளின் மேல் தவழ்ந்து அந்தக் கடைசிக்குப் போனேன்.

நோபிள் இருந்தது. நாற்பதும் இருந்தது. நான் தனியாகச் சிரித்தேன்.

அப்போதுதான் கதவு அறைந்து மூடியது. கம்பிகள் விழுந்தன. இருட்டு. ஒரு நிமிடத்தில் குளிர் மிஷின் உறுமத் தொடங்கியது.

எனக்கு உடனே புரிந்தது. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ராகு காலம். இரண்டு வருடத்துக்கு முன் ராகு காலத்தில் திறந்த கொன்டேனரில் முக்கால்வாசி மரம் காய்ந்து வந்ததிலிருந்து பாஸுக்கு அது பெரிய பயம். திறந்த கொன்டேனர் எதுவாக இருந்தாலும் மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே மூடிவிட வேண்டும், நாலரைக்கு முன் தொடக்கூடாது. எத்தனையோ செவ்வாய் நானே மூடியிருக்கிறேன். மூடுவதற்கு முன் "உள்ள யாரு?" என்று கத்துவதும் நான்தான். அன்றைக்குக் கத்த ஆளில்லை.

கத்தினேன், தட்டினேன், உதைத்தேன். அந்தக் கொன்டேனரின் கதவு உள்ளிருந்து திறக்காது. மிஷின் சத்தத்தில் என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. போனில் லைன் இல்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என் அம்மா அடிக்கடி சொல்வாள். எங்கே பிழைக்கிறது? சரி, நாலரைக்குத் திறப்பார்கள், அதுவரை பல்லைக் கடித்துக்கொள்வோம் என்று உட்கார்ந்தேன்.

நாலரை ஆனது. ஐந்து ஆனது. கூரையில் மழை விழுகிற அதிர்வு கையில் தெரிந்தது. மழை என்றால் ஃபோர்க்லிஃப்ட் ஓடாது, லோரியும் வராது. மிச்சத்தை நாளைக் காலையில் இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டுப் போயிருப்பார்கள். மரத்துக்கு வைத்திருக்கும் குளிர் இரண்டு டிகிரி. நான் வேர்வையில் நனைந்த டீ-சட்டையோடு இருக்கிறேன். நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கதவு திறந்தால் உள்ளே என் பிணம்தான் இருக்கும். என் மகள் ஷாமினி, அம்மா ஓவர்டைம் பார்க்கிறாள் என்று நினைத்துச் சோறு போட்டுச் சாப்பிட்டுப் படுத்துவிடுவாள். பயம் என்றால் அப்படி ஒரு பயம். "முருகா, முருகா" என்று சொல்லக்கூடத் தாடை ஒத்துழைக்கவில்லை.

அமெரிக்காவில் பனிக்காட்டில் மாட்டிக்கொண்டால் ஃபிர் கிளையை ஒடித்துப் போட்டு அதன்மேல் படுப்பார்கள் என்று மரம் அனுப்புகிற வெள்ளைக்காரர் ஒருமுறை சொல்லியிருந்தார். சாவியால் வலையை அறுத்தேன். அதற்குள் போன் பாட்டரியும் தீர்ந்துவிட்டதால் இருட்டில் தடவிப் பார்த்து ஒடித்தேன். குத்தினால் ஸ்ப்ரூஸ், தள்ளு. மெத்தென்றால் ஃபிர், இழு. மெத்தென்று கைக்கு வந்ததெல்லாம் நோபிள். ஹோட்டல் மரம்! ஒடிடி குமுதா, ஒடி. அடியில் ஒரு முழ உயரம் போட்டு, மேலேயும் போட்டுக்கொண்டு சுருண்டேன். கையெல்லாம் பிசின் ஒட்டியது. நடுக்கம் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. கால்விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. தூக்கம் வந்தது. அதுதான் என்னை உலுக்கியது, ஏனென்றால் அந்தத் தூக்கம் நல்ல தூக்கமில்லை.

முகத்துக்கு மேலே காற்று இழுபடுவது தெரிந்தது. மிஷின் காற்றை இழுக்கிற கம்பித் தட்டி என் தலைக்கு நேர் மேலே இருந்தது. போன வருடம் ஒரு கொன்டேனரில் மரத்தை உயரமாக அடுக்கி இந்த மாதிரித் தட்டி அடைபட்டுப்போனது. குளிர் மாறினால் அடிக்கிற அலாரம் உடனே பாஸ் போனில் அடித்தது. பெட்டாலிங் ஜெயாவில் கல்யாணப் பந்தியில் இருந்த மனுஷன் கைகூடக் கழுவாமல் ஓடிவந்தார்.

எழுந்தேன். அறுத்த வலையைச் சுருட்டித் தட்டியில் திணித்தேன். கிளைகளைத் திணித்தேன். விரல்கள் மடங்கவில்லை, உள்ளங்கையால் குத்திக் குத்தி ஏற்றினேன். டீ-சட்டையையும் கழற்றித் திணித்தேன். என்ன வெட்கம் வேண்டிக்கிடக்கிறது? மிஷின் திணறியது. பிறகு மறுபடியும் கிளைகளுக்குள் விழுந்து, ஷாமினி பெயரைச் சொல்லிச் சொல்லி எண்ணிக்கொண்டிருந்தேன். எத்தனை வரை எண்ணினேன் என்று தெரியாது.

கம்பி கிரீச்சிட்டது. மழைச் சத்தம் உள்ளே வந்தது. டார்ச் வெளிச்சம் கட்டுகளின் மேல் ஓடியது.

"கன்னையா, மரமெல்லாம் போச்சா பாரு! சீக்கிரம் பாரு!"

வெளிச்சம் என் முகத்தில் நின்றது.

"ஐயோ பாஸ்! நம்ம குமுதா!"

யோகநாதன் கட்டுகளின் மேல் தட்டுத்தடுமாறி ஏறி வந்தார். என்னைப் பார்த்ததும் தன் சட்டையைக் கழற்றி என்மேல் போர்த்தினார்.

"நீ கோச்சிக்கிட்டுப் போயிட்டேன்னுதான் நெனச்சோம். போன் அடிச்சேன், போகல. வழக்கமா அடைச்சி வைப்பியேன்னு..."

திட்டவேண்டும் என்று எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது.

"நாலு மணி நேரம் கத்தினேன் பாஸ். மரத்துக்கு ஒன்னுன்னதும் ஓடி வந்துட்டீங்க."

கன்னையா அண்ணன் என்னைத் தோளில் போட்டு வெளியே இறக்கினார். மழை சுடுதண்ணீர் மாதிரி இருந்தது. நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அண்ணன் பழக்கதோஷத்தில் திரும்பிப் போய்க் கதவைத் தள்ளினார். குளிர் வெளியே போய்விடுமே, மரம் கெட்டுவிடுமே.

"மூடாதீங்க!" என்று அலறினேன். "யாரும் அந்தக் கதவ மூடாதீங்க!"

அண்ணன் பாஸைப் பார்த்தார். பாஸ் திறந்த கொன்டேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"விடு, கன்னையா. தொறந்தே கெடக்கட்டும்," என்றார்.